வேல்ராஜின் பெயரில் ஒரு ரத்தம்

அது இரண்டாயிரத்து நாலா, ஐந்தா என்று வேல்ராஜுக்கு இப்போது உறுதியில்லை. ரிப்போர்ட் உறையின் நிறம்கூட மறந்துவிட்டது. கனகலட்சுமி தன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த நடை மட்டும் மறக்கவில்லை.

மண்ணூர் பஸ் நிறுத்தம். மாலை ஏழு மணி. அவனுடைய கம்பெனி பஸ் வரப் பத்து நிமிடம் இருந்தது.

வீட்டுச் சாவியையும் உறையையும் சேர்த்தே மனைவியிடம் கொடுத்தான்.

கல்யாணமாகி மூன்று வருடம். பிள்ளையில்லை. அம்மா கோமதியம்மாள் கோவில்பட்டியிலிருந்து போன் போட்டு மருமகளைத்தான் குத்திக்காட்டுவாள். கனகலட்சுமி எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டாள், ஒரு குறையுமில்லை.

“உங்க வீட்டுக்காரர் டெஸ்டோஸ்டிரோன் பார்க்கட்டும்” என்றுவிட்டார் டாக்டர். ஆண்களுக்கான ஹார்மோனாம். குறைந்தால் உடம்பு சோருமாம், பிள்ளைப்பேறு தள்ளிப்போகுமாம். நன்றாகத் தூங்கி எழுந்து, காலை பத்து மணிக்குள் ரத்தம் கொடுக்க வேண்டுமாம்.

நைட் ஷிப்டுக்காரன் எங்கே தூங்கி எழுவது?

லேபுக்குப் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, லேப்காரர் தணிகாசலத்தை வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தான். ரத்தம் எடுக்க வந்த அன்று காலை கண்ணாடியில் தன் சிவந்த கண்களைப் பார்த்ததும் பயம் பிடித்துக்கொண்டது. இரவெல்லாம் குறட்டை விட்டுத் தூங்கிய பக்கத்து வீட்டு சாம்சனை இழுத்துவந்து தன் பாயில் படுக்க வைத்தான்.

“இதுக்கா மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீற? மூணு புள்ள பெத்த ரத்தம்பா இது. மிசினே அதிரும் பாரு!”

தணிகாசலம் பெயரை மட்டும்தான் கேட்டார். சாம்சன் கூசாமல் வேல்ராஜ் என்றான்.

மிசின் அதிர்ந்த கதையை மனைவி வாயால் கேட்க வேண்டும் என்று, வேல்ராஜ் உறையைப் பிரிக்காமலே வைத்திருந்தான்.

கனகலட்சுமி பிரித்து வாசித்தாள். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

உண்மையைச் சொன்னால் சாம்சன் மானம் போகும். சொல்லாவிட்டால் தன் மானம்.

அவன் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது.

“ஏறாதீக” என்றாள். “ரத்தம் எடுத்த அன்னைக்கு நான் வேல முடிஞ்சு வந்தப்ப குழாயடியில கையில பஞ்ச ஒட்டிக்கிட்டு நின்னது சாம்சன் அண்ணன். இதுல உள்ள கொறஞ்ச நம்பர் மட்டும் ஒங்களுதா? அத நான் அவுக சம்சாரம் மெர்சி அக்காட்டச் சொல்லிக்கிடுதேன். நீங்க நைட்டு, நான் டே. ஞாயித்துக்கெழம ரெண்டு பேருக்கும் ஓவர்டைம். மூணு வருசமா நாம ஒண்ணா நிக்கது இந்த பஸ் ஸ்டாப்புலதான். புள்ள எங்கிட்டு இருந்து வரும்?”

இத்தனை பரிசோதனையில் இதை யாரும் கேட்டிருக்கவில்லை.

பஸ் அவனில்லாமல் போனது.

சாம்சன் மெர்சியோடு போய் வைத்தியம் பார்த்துத் தேறினான். பீற்றிக்கொள்வது மட்டும் நின்றுபோனது. தணிகாசலம் அடையாள அட்டை கேட்கத் தொடங்கினார். கோமதியம்மாள் இப்போது பேரன் இல்லையே என்று போன் போடுகிறாள்.

வேல்ராஜ் ஜெனரல் ஷிப்டுக்கு மாறினான். அவன் ரத்தத்தை இன்றுவரை யாரும் பரிசோதிக்கவில்லை. இரண்டு பெண்கள்.