மரியதாஸ் ஊற்றிய தண்ணீர்

வயிற்றுவலியால் துடிக்கும் என் பேரனை வேலூருக்குக் கொண்டுபோக வேண்டும். காரோ வாசலிலேயே கொதித்து நின்றுவிட்டது.

டிரைவர் மரியதாஸ் ரேடியேட்டரைத் திறந்து கழுவினான். துருவும் வெள்ளைப் பொருக்குமாகக் கொட்டியது. பித்தளைக் குழாய்களில் ஊசி ஊசியாக ஓட்டை.

"கொல்லையில இருக்கற நம்ம தோல் பதனிடுற குழித் தண்ணியை ஊத்தினியாடா? எந்தப் பங்காளி ஏவிவிட்டான்? எங்க பரம்பரை நடுத்தெருவுல நிக்கணுமா?" என்று கத்தினேன்.

"சத்தியமா இல்லீங்க ஐயா. ஆனா இன்னொரு தபா இந்தத் தண்ணியை ஊத்துனா இஞ்சினே போய்டும்."

"எங்கேடா மொண்டே?"

"கண்டவன் கெணத்துத் தண்ணி நம்ம வண்டிக்குக்கூட ஆவாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நம்ம வூட்டுக் கெணத்துலதாங்க."

நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன். உள்ளே மருமகள் பேரனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு செம்பு குடிச்சிடு கண்ணு. நெறையத் தண்ணி குடிக்கணும்னு வைத்தியர் சொன்னாரே!"