யானை இல்லாத தக்கோலம்

இளவரசரின் யானையை இவர் கையில் எடுத்தார். எடுத்தவர் மேசையில் வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சிலோன் ரோடு பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் போரை ஆரம்பித்துவிடுவார் என் வீட்டுக்காரர். வெளியே இவர் ஓய்வு பெற்ற கிளார்க் பேரின்பநாயகம். வீட்டுக்குள் சோழர் படைக்கும் இவர்தான் தளபதி, ராஷ்டிரகூடர் படைக்கும் இவர்தான் தளபதி.

எல்லாம் விரலளவு பொம்மைகள். ரவிக்கைக்கென்று நான் தேக்கா கடைத்தெருவில் வாங்கிய பச்சைத் துணியை விரித்தால் எங்கள் சாப்பாட்டு மேசை தக்கோலம் ஆகிவிடும். ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் சோழ இளவரசர் ராஜாதித்தர் யானைமேல் இருந்தபடியே உயிரை விட்ட போர்க்களம். பகடையை உருட்டி, விழுகிற எண்ணுக்குத் தகுந்தபடி அடிக்க வேண்டும். தளபதி விழுந்தால் படை கலைந்து ஓடும். எனக்குத் தெரிந்த ஆட்டம் அவ்வளவுதான்.

இந்தப் பக்கம் உட்கார்ந்து சோழருக்காக யோசிப்பார். பிறகு எழுந்து, மேசையைச் சுற்றிப் போய், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து எதிரிக்காக யோசிப்பார். கோப்பி மட்டும் சோழர் பக்கத்திலேயே இருக்கும். எதிரி நாற்காலியில் இருக்கும்போது ஒரு வாய் குடிக்க மாட்டார். ஆறிப்போனாலும் சரி. இவருடைய நியாயம் அப்படி.

அந்த எதிர் நாற்காலி எங்கள் மகன் யதீசனுடையது.

பொம்மைகளை வாங்கி வந்தவன் அவன். உட்கார்ந்து வண்ணம் தீட்டியவனும் அவன்தான். யானையின் நெற்றிப்பட்டத்துக்கு என் நகப்பூச்சைத் தூக்கிக்கொண்டு போனான். அப்பாவின் இளவரசரை வாராவாரம் கொன்றுவிட்டுச் சிரிப்பான்.

துவாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் வழியில், மழையில் பைக் சறுக்கி அவன் போய்விட்டான். அதற்குப் பிறகுதான் இவர் இரண்டு பக்கமும் ஆடத் தொடங்கினார்.

அந்த இளவரசரை எப்படியாவது உயிரோடு வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் இவருக்கு. யானையைப் பின்னால் நிறுத்திப் பார்ப்பார். சுற்றிலும் குதிரைப்படையை வைத்துப் பார்ப்பார். ஒரு வாரம் ஏரிக்கரையோரம் கொண்டுபோய் ஒளித்தே வைத்தார். அப்புறம் மகனின் நாற்காலிக்குப் போய், அவன் எப்படி அடிப்பானோ அப்படியே அடிப்பார். இளவரசர் செத்துப்போவார்.

பகடையை இன்னொரு தடவை உருட்டினால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் உருட்ட மாட்டார்.

அப்படிப்பட்ட வம்சம். இவரும் கிளார்க், இவர் அப்பாவும் கிளார்க், யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த தாத்தாவும் கிளார்க். டாக்டரிடம் சீட்டு வாங்கி வீட்டில் படுப்பதற்கு இந்த ஊரில் எம்சி என்று பெயர். இவர்கள் குடும்பத்தில் அது கெட்ட வார்த்தை. ஒரு நாள்கூட எம்சி எடுக்காமல் வேலை பார்த்ததற்காக ஆபீசில் இவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் அதன் கதையைச் சொல்லிவிட்டுத்தான் தண்ணீரே கொடுப்பார்.

இப்போது சொல்வதில்லை.

எனக்கு இவர்மேல் கோபம் உண்டு. யதீசன் கிளம்பிப் போன அந்தக் காலையைப் பற்றி இவர் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அழுதார், சாப்பிடாமல் கிடந்தார், கோயில் கோயிலாகப் போனார். அதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. இவர் வாயால் ஒரு தடவை வந்துவிட்டால் போதும், என் மனம் ஆறிவிடும் என்று நானும் காத்துக்கிடக்கிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இப்படிக் காத்திருப்பது லேசான காரியமில்லை.

யானையை இவர் துணிமேல் வைக்கவில்லை. தன் கோப்பிக் குவளைக்குப் பக்கத்தில் வைத்தார்.

பிறகு பகடையை உருட்டினார். எழுந்து அந்தப் பக்கம் போனார், திரும்பி வந்தார். இளவரசர் இல்லாமலே போர் நடந்தது. நடந்தது என்று சொல்வதுகூட அதிகம். சோழர் படை சீக்கிரமே சிதறிவிட்டது. சமையலறை வாசலில் நின்று பார்த்த எனக்கே பாவமாக இருந்தது.

இவர் மட்டும் நிம்மதியாக ஒரு வாய் கோப்பி குடித்தார்.

சும்மா சீண்டலாம் என்றுதான் கேட்டேன்.

"எங்க உங்க இளவரசர்? சண்டைக்கு வரலையா?"

இவர் என்னைப் பார்க்கவில்லை. யானையின் முதுகை ஒரு விரலால் தடவிக்கொடுத்தார்.

"அவனுக்குக் காய்ச்சல், புஷ்பம். எம்சி எடுத்துட்டான்."

வடைக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். யதீசனின் நாற்காலியை இழுத்து, அவன் போன பிறகு முதல் தடவையாக அதில் உட்கார்ந்தேன்.

அன்று காலையில் அவனும் இதே நாற்காலியில்தான் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தொட்டுப் பார்த்தேன், உடம்பு கொதித்தது. இன்றைக்கு ஒரு நாள் எம்சி எடுத்துக்கொள்ளட்டுமா என்று அப்பாவிடம் கேட்டான்.

இவர் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

அவனும் பார்த்தான். பிறகு எழுந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான்.