கடைசி முழுச் சாப்பாடு

இலையில் தண்ணீர் தெளிக்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நாளை காலையிலிருந்து கஞ்சித் தண்ணீர். மோர். வடிகட்டின சூப். அப்புறம் உடம்பு எடையைக் குறைக்கிற ஆபரேஷன். அதற்கப்புறம் வயிறு ஒரு வாழைப்பழ அளவுக்குத்தான் மிஞ்சும் என்று சொல்லியிருந்தார் டாக்டர்.

பூவன் பழமா, நேந்திரமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

எதிரே ஜெசிந்தா டீச்சரும் உமர் பாயும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் ஓடிவிட்டது. ‘பாதி வயிறு’ வாட்ஸ்அப் குழுவின் மூத்த உறுப்பினர்கள். உண்மையில் கால் வயிறுதான். பாதி என்றால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்று பாய் வைத்த பெயர்.

புதிதாகச் சேருகிறவருக்கு, அவர் கேட்கும் கடையில், கடைசியாக ஒரு முழுச் சாப்பாடு. துணைக்கு இரண்டு பேர். குழுவின் வழக்கம் இது. டாக்டருக்குத் தெரியாது.

சுவரில் பலகை தொங்கியது. ‘ஒரு சாப்பாட்டை இருவர் பகிர்ந்து உண்ண அனுமதி இல்லை.’

ஆகவே மூன்று முழுச் சாப்பாடு.

கல்லாவில் இருந்த முதலாளி அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். உள்பக்கம் திரும்பினார்.

“அடுத்த உலையை வைங்கப்பா.”

மெதுவாகத்தான் சொன்னார். அவளுக்குக் கேட்டுவிட்டது. இந்த மாதிரிப் பேச்செல்லாம் எப்போதும் கேட்டுவிடும்.

சோறு வந்தது. நடுவில் குழி பறித்து அயிரை மீன் குழம்பு ஊற்றினார்கள். ஆவி முகத்தில் அடித்தது.

ஒரு வாய். இன்னொரு வாய். அதற்கப்புறம் அவள் யாரையும் பார்க்கவில்லை.

இந்த ஊரில் அவளைக் கேலி பேசாதது சோறு ஒன்றுதான். பெண் பார்க்க வந்தவர்கள் காபியோடு எழுந்துபோன அன்றைக்கும் அது தட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. அதைப் போய் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். படுத்தால் மூச்சு நின்று நின்று வருகிறது. சுவரில் சாய்ந்துதான் தூங்குகிறாள். வேறு வழியில்லை. இருந்தாலும் துரோகம் துரோகம்தான்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டால் போதும், தேதியை ரத்து செய்துவிடுவார்கள். போடுவதா வேண்டாமா என்று இந்தச் சாப்பாடு முடிவதற்குள் தீர்மானிக்க வேண்டும்.

எதிரே டீச்சர் சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி வாயில் போட்டு, விடைத்தாள் திருத்துகிற நிதானத்தோடு மென்றார். மூன்றாவது உருண்டையில் பின்னால் சாய்ந்துகொண்டார். பாய் அதற்கு முன்பே சாய்ந்துவிட்டார்.

பரிமாறும் வீரணன் வாளியோடு வந்தார். இரண்டு இலையிலும் சோறு குவித்தது குவித்தபடி இருந்தது. அவர் முகம் வாடிவிட்டது.

“ஏன்க்கா, கொழம்பு நல்லா இல்லியா?”

“பிரமாதம்ண்ணே” என்றார் டீச்சர்.

“அப்ப சாப்பிடலாம்ல?”

“சாப்பிட்டாச்சுண்ணே.”

வீரணன் முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி வந்து வாளிக் குழம்பைக் கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றச் சொல்லி நக்கிப் பார்த்தார். ஒரு குறையும் தெரியவில்லை. அதுதான் அவருக்குக் கூடுதல் கவலையாகிவிட்டது.

“காசு வேணாம்க்கா. என்ன கொறைன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிருங்க.”

“கொறை கடையில இல்ல மொதலாளி, வயித்துல. அறுத்து எடுத்துட்டாங்க” என்று பாய் தழும்பைக் காட்டச் சட்டையைத் தூக்கினார். டீச்சர் அவர் கையில் ஓர் அடி போட்டார்.

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போதுதான் அவர் கண் அவளுடைய இலைக்கு வந்தது. ஒரு பருக்கை இல்லை. கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

“இந்தா, இவுக ஒருத்தவுகதான்யா சாப்பாட்டோட அருமை தெரிஞ்சவுக! அக்காவுக்கு இன்னும் போடு.”

சாப்பிட்டதற்காக ஒருவர் அவளைப் பாராட்டுவது இதுதான் முதல் தடவை. வந்ததுதான் வந்தது, இன்றைக்கா வர வேண்டும்?

போட்டதையும் சாப்பிட்டாள். மூக்கு ஒழுகியது. காரம் என்று சொல்லிக்கொண்டாள்.

முடித்துவிட்டு இலையின் இந்த ஓரத்தைத் தூக்கி அந்தப் பக்கமாக மடித்தாள்.

டீச்சர் பார்த்துவிட்டார்.

“ஏண்டி, எழவு வீட்டுல மடிக்கிற மாதிரி மடிக்கிற?”

“இனி இதெல்லாம் ஏது டீச்சர்?”

டீச்சர் எச்சில் இலை என்றும் பார்க்காமல் எட்டிப் பிரித்தார். கல்யாண வீட்டில் மடிப்பதுபோல அவள் பக்கமாகவே மடித்து வைத்தார்.

அப்புறம் தன் இலைக்குத் திரும்பினார். பேச்சுக்கு நடுவே வயிற்றில் கொஞ்சம் இடம் வந்திருந்தது போல. சுண்டைக்காய் அளவுக்கு இன்னும் ஒன்று உருட்டினார். அதில் ஓர் அயிரையை வைத்தார். வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மூடின கண் திறக்கவேயில்லை. மென்றுகொண்டே இருந்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

அவளுக்குப் பொறாமையாக இருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டும் அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு வரவில்லை.

கை கழுவிவிட்டு வெளியே வரும்போது முதலாளி கல்லாவிலிருந்து எட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“அடுத்த தடவை இவுகளக் கூட்டியாராதீங்கக்கா. நீங்க மட்டும் வாங்க.”

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். சுவரைப் பார்த்தாள்.

“வர்றேண்ணே. நான் வர்றதுக்குள்ள அந்தப் பலகையைக் கழட்டிருங்க.”