கோல் வாயில் விழுந்த பந்து

மழை விட்டது. ஆட்டம் நடத்தலாமா என்று பார்க்க நடுவர் மைதானத்தில் இறங்கினார். கழுத்தில் விசில், கையில் பழைய பந்து. பந்தைத் தோள் உயரத்திலிருந்து விடுவார். எழும்பினால் ஆட்டம் உண்டு. சேற்றில் ஒட்டிக்கொண்டால் கிடையாது.

"இன்னைக்கு எப்படியும் குதிச்சிடுவேன்டா," என்றது பந்து. "இதுதான் எனக்குக் கடைசி ஆட்டம். நாளைக்குப் புதுப் பந்து வருது."

"தெரியும். புலம்பாதே," என்றது விசில்.

நடுவட்டத்தில் விட்டார். பந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு எழும்பியது. ஓரத்தில் விட்டார். அங்கேயும் எழும்பியது. பிறகு கோல் கம்பங்களுக்கு முன்னால், கோல் வாய்க்குப் போனார்.

அங்கே புல் என்னவோ பச்சையாகத்தான் இருந்தது. விழுந்ததும்தான் அடியில் சேறு வழுக்குவது பந்துக்குத் தெரிந்தது. முக்கினால் இங்கேயும் எழும்பலாம். ஆனால் போன மழையில் கோல்கீப்பர் சேவியர் காலை உடைத்துக்கொண்டது இதே இடத்தில்தான். அந்த அலறலைப் பந்து மறக்கவில்லை.

பிடித்த மூச்சை விட்டது. சொத்தென்று அப்படியே கிடந்தது.

"ஆட்டம் கிடையாது," என்றார் நடுவர்.

"குதிச்சிருக்கலாமேடா, மடையா," என்றது விசில்.

"சேறுடா," என்றது பந்து.

நடுவர் பந்தைத் தன் சட்டையிலேயே துடைத்தார். "புதுசு வரட்டும், ஆடட்டும். தரை பார்க்க எனக்கு இதுதான்," என்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"கேட்டுச்சா?" என்றது விசில்.

"கேட்டுச்சு. ஊரெல்லாம் ஊதாதே."