திரைக்குப் பின்னால் இரண்டு கிதார்கள்

பெனிட்டாவிடம் இரண்டு கிதார்கள் இருந்தன. ஒன்றுக்கு அறுபது வயது. இன்னொன்றைப் போன மாதம்தான் ஒரு தச்சர் கையாலேயே செய்து கொடுத்திருந்தார். இசைப்பதிவுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, மற்றதைக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவிட அவள் நினைத்தாள். எதன் நாதம் நல்லது என்று சொல்ல நண்பர்கள் மூவரை அழைத்தாள். எது எதென்று அவர்களுக்குத் தெரியாதபடி இரண்டோடும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"என் குரல் இன்னும் பழுக்கவில்லையே. அலமாரி எனக்குத்தான்," என்று நடுங்கியது புதியது.

"என் நெஞ்சில் விரிசலே விழுந்துவிட்டது. உன்னைத்தான் எடுப்பாள்," என்றது பழையது.

முதலில் புதியதை வாசித்தாள்.

"அடடா, என்ன ஆழம்! பழைய மரம் பழைய மரம்தான்," என்றார்கள் நண்பர்கள்.

அடுத்துப் பழையதை வாசித்தாள்.

"இது புதுசு. என்னமாய்த் துள்ளுகிறது!"

பெனிட்டா திரையை விலக்கிக் காட்டினாள். நண்பர்கள் அசடு வழிந்தார்கள். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, இரண்டையுமே உறையில் போட்டுக் காரில் ஏற்றினாள்.

பின் இருக்கையில் பழையது நிம்மதியாக மூச்சு விட்டது. "இத்தனை நாளும் எல்லோரும் என் வயதைத்தான் பாராட்டுகிறார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன்."

"நானோ, பாராட்டு வாங்க அறுபது வருஷம் ஆகுமோ என்று பயந்தேன்," என்றது புதியது.