இரண்டாகப் பிரிந்த ஃபாண்ட்

"ரெண்டா பிரிச்சுடலாம்மா," என்றார் சீனியர். "பழைய பிரிண்டருக்கான ஃபார்மட் ஒரு பேக்கேஜ். வெப்சைட்டுக்கான ஃபார்மட் இன்னொண்ணு."

அவருக்குக் கீழே வேலை பார்க்கும் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் கம்பெனி செய்யும் ஃபாண்ட், அதாவது கம்ப்யூட்டர் எழுத்துரு, எல்லா ஃபார்மட்டும் சேர்ந்து ஒரே பேக்கேஜாகத்தான் இதுவரை போய்க்கொண்டிருந்தது. பிரிக்கலாம் என்று யார் சொன்னாலும் எரிந்து விழுகிறவரே அவர்தான்.

"ஒண்ணா இருந்தா என்ன சார்? யாரும் குறை சொல்லலையே."

"பிரிச்சா சுத்தமா இருக்கும். பழசை நான் பாத்துக்கறேன். வெப் உன்னோடது."

"தனியாவா?"

"பின்னே, ஊரையா கூட்ட முடியும்?"

பழைய பிரிண்டர் பக்கம் ஈ, காக்கா எட்டிப் பார்க்காது. புகார்கள் எல்லாம் வெப்சைட் பக்கம்தான். அவளோ இன்னும் வேலையில் நிரந்தரமாகவில்லை. ஒரு தப்பு நடந்தால் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

காபி மெஷின் பக்கத்தில், ஃபாண்டைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் சிரித்தான்.

"இது கூடப் புரியலையா? மனுஷன் காலை நீட்டி உக்காரப் பாக்கறார். வேலையெல்லாம் உன் தலையில."

"சார் அப்படிப்பட்டவர் இல்லையே."

"வசதியான சீட் கண்ணுல படற வரைக்கும் யாருமே அப்படிப்பட்டவங்க இல்லை."

மீட்டிங்கில் குழப்பம் இன்னும் கூடியது. வெப் ஃபார்மட் பற்றி மேனேஜர் ஏதோ கேட்க, "அதுல எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். எல்லாம் இந்தப் பொண்ணு வேலைதான்," என்றார் சீனியர்.

அதில் பாதியை எழுதியவரே அவர்தான். நாளைக்கு ஏதாவது உடைந்தால் நழுவிக்கொள்ளவா இந்தப் பொய்?

மனசு ஆறவில்லை. தயங்கித் தயங்கி மேனேஜர் அறைக்குப் போனாள்.

"மேடம், பேக்கேஜை மறுபடி ஒண்ணாக்கிடலாமா? என்னால தனியா முடியாது."

மேனேஜர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"ஒண்ணாக்கினா அதுக்கு ஒரு ஆள் போதும்மா. மேலிடத்து உத்தரவு. அப்ப நிரந்தரமாகாத நீதான் போகணும்."

"இப்படிப் பிரிஞ்சே இருந்தா?"

"பழைய ஃபார்மட்டை இந்த மாசத்தோட நிறுத்தறோம். அதைப் பாக்கறவர் போகணும்."

"இது சாருக்குத் தெரியுமா மேடம்?"

"தெரிஞ்ச மறுநாள்தானே, பிரிக்கலாம்னு என்கிட்ட வந்து நின்னார்."