கிணற்றுக்குள் பச்சை

உச்சி வெயில் கிணற்றின் அடிவரை இறங்கியிருக்கிறது. கோண்டிபாவின் கடப்பாரை கரும்பாறையில் ஒரு பொந்தைத் திறந்துவிட, உள்ளே பச்சைப் படிகங்கள் பளபளக்கின்றன. "என்னண்ணே மின்னுது, தண்ணியா?" மேலே நிலத்துக்காரி வத்சலாவுக்கு நிலைகொள்ளவில்லை, வாளிக் கயிற்றைக் கை மாற்றி மாற்றிப் பிடிக்கிறாள், கண்ணாடி வளையல்கள் ஓயாமல் கலகலக்கின்றன. "தண்ணியில்லம்மா, கல்லு. உன் வளையல் நிறத்துல." கிணறு தோண்டும் இடமெல்லாம் படிகக் கல் தேடி வரும் நாசிக் வியாபாரி சதாசிவ் விளிம்பில் குப்புறப் படுத்துக் கத்துகிறான். "கடப்பாரைய கீழ வைங்க! ஒரு முனை உடைஞ்சாலும் எவனும் வாங்கமாட்டான்." "என் எருமை கல்லையா குடிக்கும்?" என்கிறாள் வத்சலா. கோண்டிபா பொந்தில் காதை வைக்கிறார். "சும்மா இருங்க ரெண்டு பேரும். கல்லுக்குப் பின்னால சொட்டுது." வத்சலா வளையல்களை மறு கையால் இறுகப் பொத்துகிறாள். கோண்டிபா ஒரு சொட்டுக்கு ஒரு விரலைத் தூக்குகிறார். வெகுநேரம் கழித்து இன்னொரு விரல். "அடிங்கண்ணே" என்கிறாள்.